மேற்கு ஜன்னலோரம் வெளுத்த தரை

பேராசிரியர் சோபாவை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி கம்பளத்தின் முனையைச் சுருட்டித் தூக்கிக் காட்டினார். கம்பளத்துக்கு அடியில் தரை, நான் பாலிஷ் போட்டுவிட்டுப் போன அன்றைக்கு இருந்த மாதிரியே டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. கம்பளத்துக்கு வெளியே, மேற்கு ஜன்னல் வரைக்கும், அதே தேக்குப் பலகை வெளிறிக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கோடு.

சமையலறை வாசலில் விருத்தாம்பாள் நின்றிருந்தார். அந்த வீட்டில் வேலை பார்த்தவர். துடைத்துக்கொண்டிருந்தவரை அப்படியே கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். ஈரத்துணி கையிலேயே இருந்தது.

“மேஸ்திரி, நீங்களே பாத்துச் சொல்லுங்க. பினாயில் ஊத்தித் துடைச்சா இப்படி ஆகுமா, ஆகாதா?” என்று பேராசிரியரின் மனைவி கேட்டார்.

அவரும் பேராசிரியரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருத்தாம்பாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வாயிலிருந்து வருவதை வைத்துத்தான் அந்த வீட்டில் முடிவெடுக்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். விருத்தாம்பாளுக்குப் பின்கட்டில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். எட்டாவது படிக்கிற மகளோடு அதில்தான் இருந்தார். வேலை போனால் அறையும் போகும்.

நான் என்ன சொன்னேன் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். இத்தனை வருஷம் கழித்தும் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. சுற்றிவளைத்துத்தான் வர வேண்டியிருக்கிறது.

நெய்வேலியிலிருந்து ஒரு கடிதம்

இந்த வாரப் பத்திரிகைத் தொடரில் இதுவரை நான் எழுதியதெல்லாம் என் வீரப்பிரதாபம். புதுச்சேரியில் செல்லரித்த மாடித் தளத்தைப் பலகை பலகையாகக் கழற்றி மாட்டியது, கடலூர் முதுநகரில் ஒரு பழைய பங்களாவின் மரப்படியைக் காப்பாற்றியது என்று. என் மனைவி போன வாரம் படித்துவிட்டு, “நீங்க தப்பே பண்ணதில்லையா?” என்று கேட்டுவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். அவள் வேண்டுமென்று குத்தவில்லை. ஆனால் குத்தியது.

அதே வாரம் நெய்வேலியிலிருந்து ஒரு வாசகியின் கடிதம் வந்தது. மகன் ஆசை ஆசையாக மரத் தரை போட்டுக் கொடுத்தானாம். இரண்டு கோடைகூடத் தாண்டவில்லை, ஜன்னலோரம் நிறம் போய்விட்டதாம். வெளுக்காமல் காப்பாற்ற என்ன வழி என்று கேட்டிருந்தார். ஆசிரியர் குழுவில் இருக்கிற தம்பி போன் செய்து, “பயனுள்ள குறிப்பா நாலு குடுங்க, வாசகர்களுக்குப் பிடிக்கும்” என்றார்.

நல்லது. குறிப்பு கேட்டால் கொடுத்துவிட்டுப் போகிறேன். அந்தக் குறிப்புகளில் ஒன்றுதான் என் கழுத்தைப் பிடித்தது.

அம்மா, உங்கள் தரைக்கு முதல் எதிரி வெயில். அதிலும் மேற்கு வெயில். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஜன்னல் வழியாகச் சரிந்து வந்து தரையில் படுத்துக்கொள்கிறதே, அது. கண்ணாடியைத் தாண்டி வருகிற வெயில்தானே என்று விட்டுவிடாதீர்கள். கண்ணாடி மழையைத் தடுக்கும், நிறத்தைக் காப்பாற்றாது. தடித்த திரை போடுங்கள், அல்லது வெயிலைத் தடுக்கிற பிலிமைக் கண்ணாடியில் ஒட்டுங்கள். அதற்காக மஞ்சக்குப்பத்தில் நான் பார்த்த வீடு மாதிரி செய்துவிடாதீர்கள். அங்கே நடுப்பகலில் எல்லாத் திரைகளையும் இழுத்து மூடிவிட்டு டியூப்லைட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தரைக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட் வேறு. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் அதில் வழுக்கி விழுந்து, கடைசியில் கல்யாணத்துக்கு மாவுக்கட்டோடு போனார். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய தரையை அந்த வீட்டில் ஒருவரும் முழுசாகப் பார்த்ததில்லை.

இரண்டாவது, விரிப்பு. வெளுக்கக்கூடாது என்று கம்பளத்தைப் போட்டு மூடுவார்கள். மூடிய இடம் அப்படியே இருக்கும், மூடாத இடம் மாறும். அப்புறம் கம்பளத்தைத் தூக்கினால் தரையில் இன்னொரு கம்பளம் தெரியும். மாதம் ஒரு தடவையாவது விரிப்பை, நாற்காலியை, டீப்பாயை நகர்த்திப் போட வேண்டும். ரப்பர் அடி வைத்த மிதியடி மரத்துக்கு ஆகாது, மஞ்சளாகக் கறை பிடிக்கும். புதிதாகப் போட்ட தரையை முதல் ஒரு மாதம் எதுவும் போட்டு மூடாமல் விடுங்கள்.

மூன்றாவது, தண்ணீர். இதைச் சொன்னால் நம் ஊரில் யாருக்கும் பிடிக்காது. வெள்ளிக்கிழமை வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றித் தள்ளினால்தான் பாதி வீடுகளில் வீடு சுத்தமானதாகத் தோன்றும். எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகளில் அது சனிக்கிழமை, ஞாயிறு பூசைக்கு முன்னால். மரம் தண்ணீரை விரும்பாது. நன்றாகப் பிழிந்த துணியால் மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகத் துடைத்துவிட்டு, உடனே காய்ந்த துணியால் ஒரு தடவை துடைக்க வேண்டும். பினாயில் கூடாது, ஆசிட் கூடாது, சோப்புத்தூள் கூடாது.

நான்காவது குறிப்பை எந்தப் புத்தகத்திலும் எந்த வீடியோவிலும் பார்க்கமாட்டீர்கள். பாலிஷ்காரன் கடைசிக் கோட்டு, அதாவது மேல் பூச்சு, அடிக்கிற அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். டின்னைக் காட்டச் சொல்லுங்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். அவன் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். என் பக்கத்தில் ஒருத்தரும் அப்படி நிற்கவில்லை, அதனால்தான்.

மார்கழியில் பாலிஷ்

ஊரடங்குக் காலத்துக்குச் சில வருஷம் முன்னால் அது. அண்ணாமலை நகர் பக்கம் பேராசிரியர் சொந்தமாக வீடு கட்டி முடித்திருந்தார். நல்ல மனிதர். அமெரிக்காவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவர், கூடத்துக்கு மரத் தரைதான் வேண்டும் என்று நின்றார். தேக்கு அதன் சொந்த நிறத்திலேயே அழகு என்று சொல்லிப் பார்த்தேன். இல்லை, அடர்ந்த காபி நிறம் வேண்டும் என்றார். சரி, சாயம் கலந்து கொடுத்தேன்.

சாயம் ஏற்றிய மரத்தை வெயில் சீக்கிரம் தின்னும். அதுவும் மேற்குச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஜன்னல் வைத்த கூடம். அதனால் கடைசிக் கோட்டு சாதாரணமானதாக இருக்கக்கூடாது, வெயிலைத் தாங்குகிற ரகமாக இருக்க வேண்டும் என்று நான்தான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். பெரிய படிப்புப் படித்தவருக்கே நான் பாடம் எடுக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு. அவரும் தலையாட்டிக் கேட்டார். புதுச்சேரிக் கடையில் சொல்லி வைத்தேன்.

தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம். பத்திரிகை அடித்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது. இதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். வீடு முடிந்தபிறகு நாள் குறிக்கிறவர் நூற்றில் ஒருத்தர். மற்றவர்கள் நாளைக் குறித்துவிட்டு வீட்டை முடிப்பார்கள். பூச்சு காய்ந்திருக்காது, ஒயரிங் தொங்கும், ஆனால் பால் பொங்கிவிடும்.

மார்கழி கடைசி. சிதம்பரத்தில் பனி தெரியுமில்லையா, காலை எட்டு மணி வரைக்கும் சுவர் எல்லாம் ஈரமாக இருக்கும். அடித்த கோட்டு காயவில்லை. மேலே விரல் வைத்தால் ரேகை பதிந்தது. இந்த நேரத்தில் கடையிலிருந்து போன் வந்தது. பொங்கல் லீவில் லாரி நின்றுவிட்டதாம், டின் வர இன்னும் ஒரு வாரம் ஆகுமாம்.

என்ன செய்திருக்க வேண்டும்? நேராகப் போய், “சார், சரக்கு வரல. இப்போதைக்கு இத அடிச்சிடுறேன், பின்னால வந்து சரியானத அடிச்சித் தரேன்” என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான். அவர் ஒன்றும் என்னைக் கடித்துத் தின்றுவிட மாட்டார்.

சொல்லவில்லை. அவ்வளவு பெரிதாகப் பாடம் எடுத்துவிட்டு அடுத்த வாரமே போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க மனம் வரவில்லை. வேறொரு வீட்டில் மிஞ்சிய சாதாரண டின் என்னிடம் இருந்தது. உள் அறைகளுக்கு அடிக்கிற ரகம். அதை அடித்துவிட்டேன். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, இன்னும் கொஞ்சம் பளபளப்பாகவே இருந்தது. விசேஷம் முடியட்டும், அப்புறம் வந்து மேலே ஒரு கோட்டு கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்துச் சரியான டின் வந்தது. அதைப் புதுச்சேரியில் வேறொரு வீட்டுக்கு அடித்தேன். அங்கே வேலை அவசரம். அண்ணாமலை நகர் வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் போகவில்லை.

“இதுல இன்னும் தண்ணி இருக்கு”

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பேராசிரியரின் மனைவி விருத்தாம்பாளைக் கூப்பிட்டார். இவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள், இவள்தான் துடைக்கப்போகிறாள் என்றார். அந்த வீட்டில் எல்லோருக்கும் விருத்தாம்பாள் ‘அவ’தான். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான்.

நாற்பதை ஒட்டிய வயசிருக்கும். கொள்ளிடக் கரையோரம் ஒரு கிராமம். நிலத்தில் வேலை செய்து வளர்ந்தவர். புருஷன் போனபின் பெண்ணைப் படிக்க வைக்கச் சிதம்பரம் வந்தவர். மரத் தரையை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறார். ஓர் ஓரமாகக் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

நான் துணியை நனைத்தேன், முறுக்கிப் பிழிந்தேன், உதறினேன். “இந்த அளவுக்குப் பிழியணும், பாத்துக்கோ” என்றேன். அவர் அந்தத் துணியை என் கையிலிருந்து வாங்கி இன்னொரு முறுக்கு முறுக்கினார். தண்ணீர் வாளிக்குள் ஒழுகியது.

“மேஸ்திரி, இதுல இன்னும் தண்ணி இருக்கு” என்றார்.

கிண்டல் இல்லை. இருப்பதைச் சொன்னார். என்னோடு வந்த ஆட்கள் சிரித்தார்கள், எனக்கு மூக்குடைபட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் நான் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் திருப்பிச் சொல்லிக் காட்டினார். ரேகையோடு துடைப்பது. அதற்கு முன்னால் மணல் இல்லாமல் பெருக்குவது. உடனே காய்ந்த துணி. பினாயில் கூடாது. இரண்டு மணிக்குத் திரையை இழுத்துவிடுவது. கம்பளத்தை நகர்த்திப் போடுவது. கடைசி இரண்டும் அவர் கையில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே கொன்றை மரம் தெரிய வேண்டும் என்று பேராசிரியர் திரையைத் திறந்தே வைப்பார். கனமான சோபா கம்பளத்தின் மேல் ஏறி உட்கார்ந்தபின் அதை நகர்த்த நான்கு ஆள் வேண்டும். இதெல்லாம் பின்னால் தெரிந்தது.

முப்பது வருஷத்தில் எத்தனையோ வீடுகளில் இந்தப் பாடத்தை எடுத்திருக்கிறேன். முதலாளிகள் போனைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். கேட்டதைக் கேட்டபடி செய்தவர் என்று நான் அறிந்தது விருத்தாம்பாள் ஒருத்தர்தான்.

நான் சொன்ன வாக்கியம்

இரண்டு கோடை போனது. அப்புறம்தான் போன் வந்தது. சோபாவும் கம்பளமுமாக நான் முதலில் எழுதிய காட்சி நடந்தது.

பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இதற்குப் படிப்பு வேண்டாம், இரண்டு வீடு பாலிஷ் போட்டவனுக்கே தெரியும். பினாயில் பட்டு வெளுத்தால் திட்டுத் திட்டாக, துணி போன பக்கமெல்லாம் வெளுக்கும். கம்பளத்தின் ஓரத்துக்கு அடியிலும் கசிந்திருக்கும். இங்கே வெளுப்பு ஜன்னலுக்கு நேராக விழுந்திருந்தது. கூடத்தின் நடுவே ஒரு தூண். தூணுக்குப் பின்னால், வெயில் எட்டாத மூலையில், அதே துணியால் அதே கை துடைத்த தரை புதுசு மாதிரி இருந்தது. நான் அடிக்காமல் விட்ட கோட்டு அங்கே எழுதி ஒட்டினாற்போல் தெரிந்தது.

பேராசிரியர் விருத்தாம்பாளைத் திட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பினாயில் பாட்டில் சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று மனைவிக்குச் சந்தேகம். பேராசிரியருக்கு நிச்சயமில்லை. விஷயம் தெரிந்தவரைக் கேட்டுவிடலாம் என்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நியாயமான மனிதர் செய்கிற காரியம்.

விருத்தாம்பாள் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “மேஸ்திரி, நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான தொடைக்கறேன்.”

அப்போது கடலூரிலும் சிதம்பரத்திலும் இந்தப் பேராசிரியர் சொல்லித்தான் எனக்கு ஆறேழு வீடு கிடைத்திருந்தது. வேறு டின் அடித்தேன் என்று சொன்னால் அத்தனை வீட்டிலும் தரையைச் சுரண்டிப் பார்ப்பார்கள். இப்படியெல்லாம் அப்போது யோசித்தேனா என்றால், இல்லை. யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது.

“பினாயில் பட்டா தரை வெளுக்கும் சார்” என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? பினாயில் பட்டால் தரை வெளுக்கும். உண்மைதான். அவள் ஊற்றினாள் என்று நான் சொல்லவில்லையே. இந்தச் சப்பைக்கட்டை வைத்துக்கொண்டு நான் பல வருஷம் ஓட்டினேன். பச்சைப் பொய் சொல்லியிருந்தால்கூட இத்தனை கேவலமாக இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

விருத்தாம்பாள் கையிலிருந்த துணியைப் பார்த்தார். மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். அது ஏன் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

பாராட்டு

அந்த மாதமே அவரை அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் தரையை இழைத்து மறுபடி பாலிஷ் போட என்னையே கூப்பிட்டார்கள். போனேன். இந்தத் தடவை சரியான டின்னை வாங்கிக்கொண்டு போய், அவர்கள் கேட்காமலே காட்டினேன். ஒன்றுக்கு இரண்டு கோட்டு கொடுத்தேன். திரையை மூடச் சொன்னேன். சோபாவை வேறு பக்கம் போடச் சொன்னேன். வேலை செய்த அந்த வாரம் முழுக்கப் பின்கட்டு அறையின் கதவு பூட்டியிருந்தது. கொடியில் பள்ளிக்கூட யூனிபார்ம் பாவாடை ஒன்று மறந்துபோய்த் தொங்கியது.

அதற்கப்புறம் தரை வெளுக்கவில்லை. எப்படி வெளுக்கும்?

ஒரு வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பேராசிரியரின் மனைவி உள்ளே அழைத்துக் காபி கொடுத்தார். டீப்பாயின் மேல், இப்போது நான் எழுதுகிற இதே வாரப் பத்திரிகை கிடந்தது. வாரம் தவறாமல் வாங்குகிற வீடு அது. “பாத்தீங்களா மேஸ்திரி, அவ போனதுக்கப்புறம் தரை எப்படி இருக்குன்னு” என்றார். நான் காபியைக் குடித்தேன். நல்ல காபி. சர்க்கரைகூடச் சரியாக இருந்தது.

அந்தத் தவக்காலத்தில் மாதா கோயிலுக்குப் போய், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் பொறுமையாகக் கேட்டார். ஜெபம் ஏதோ சொல்லச் சொன்னார். அந்த அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வா, அதுதான் முக்கியம் என்றார். ஜெபத்தைக் கோயிலை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே முடித்துவிட்டேன். மற்றதைச் செய்யவில்லை. அடுத்த வருஷம் வேறு பங்குக் கோயிலுக்குப் போய் வேறு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவரிடம் இதைச் சொல்லவே இல்லை.

திருவதிகையில்

தேடிப் போனேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. தேடவில்லை. போன மாதம் திருவதிகையில் ஒரு முந்திரி வியாபாரி வீட்டில் நிலைக்கதவுக்குப் பாலிஷ் போடப் போனேன். சிவன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பின்னால் தகரக் கொட்டகை. அதில் ஏழெட்டுப் பெண்கள் கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கேட்கப் பின்பக்கம் போனேன்.

ஒருத்தர் எழுந்து சொம்பைக் கொண்டுவந்தார். நான் முதலில் பார்த்தது கையைத்தான். கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்து, நுனியில் தோல் உரிந்திருந்தது. அப்புறம் முகத்தைப் பார்த்தேன்.

“மேஸ்திரி, நல்லாருக்கீங்களா?” என்றார் விருத்தாம்பாள். கோபம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால் குனிந்து வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

பலாமரத்து நிழலில் நின்று பேசினோம். நான் கேட்கக் கேட்கச் சொன்னார். அந்த வீட்டிலிருந்து வந்தபின் அதே தெருவில் நான்கு வீடு ஏறி இறங்கினாராம். பினாயில் ஊற்றித் தரையைக் கெடுத்தவள் என்று பேச்சு முன்னாலேயே போய்விட்டது. யாரும் வைத்துக்கொள்ளவில்லை. வடலூரில் சொந்தக்காரர் வீட்டுப் பக்கத்தில் சில மாதம் இருந்தார்கள். “அந்த மாசமெல்லாம் மத்தியானத்துக்கு வள்ளலார் சபையிலதான் சோறு” என்றார், பஸ் நேரம் சொல்கிற மாதிரி. பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் நடுவில் ஒரு வருஷம் போய், அப்புறம் பண்ருட்டியில் சேர்த்து, எப்படியோ பன்னிரண்டு முடித்துவிட்டாள். இப்போது துணிக்கடையில் பில் போடுகிறாள்.

“வீட்டு வேலைக்கே போவலியா?” என்று கேட்டேன்.

“பயமாயிருக்கு மேஸ்திரி” என்றார். “அன்னைக்கு நீங்க சொன்னதும் எனக்கே தோணிப்போச்சி. பாத்ரூம் கழுவுன பக்கெட்டத்தான் அலசிட்டு தரைக்கு எடுப்பேன். அதுல ஒட்டிக்கிட்டிருந்திருக்கும் போல. வேல தெரிஞ்சவரு சொல்றீங்க, தப்பாவா சொல்லுவீங்க? இப்பக்கூட வீட்ல பக்கெட்ட மூணு வாட்டி கழுவிட்டுதான் தண்ணி புடிப்பேன். எம்பொண்ணு திட்டும்.”

அன்றைக்கு அவர் துணியை ஏன் முகர்ந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் பிழிந்த துணியை வாங்கி இன்னும் தண்ணீர் எடுத்துக் காட்டிய கை அது. அந்தக் கையையே அவர் நம்பாமல் போகும்படி நான் செய்திருக்கிறேன். இத்தனை வருஷமும் அவர் என்னைச் சபித்துக்கொண்டிருப்பார் என்றே நினைத்திருந்தேன். சபித்திருந்தால் எவ்வளவோ தேவலை. அவர் என்னை நம்பியிருக்கிறார்.

சொல்லிவிட்டேன். மார்கழிப் பனி, வராத டின், மிஞ்சிய டின், தூணுக்குப் பின்னால் இருந்த மூலை, எல்லாவற்றையும். பக்கெட்டில் ஒன்றுமில்லை, உன் மேல் ஒரு தப்பும் இல்லையம்மா என்றேன்.

அவர் கொட்டகைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பாக்கும்போதே ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“நான் நின்னுக்கிட்டிருந்தப்பவே?”

“ஆமா.”

சொம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று நான் எதிர்பார்த்து நின்றது உண்மை. நம் ஊரில் எதற்கும் பரவாயில்லை என்று சொல்லிவிடுவார்கள். அவர் சொல்லவில்லை.

“புக்குல எழுதறீங்களாமே. ஒங்க போட்டோ வந்துருக்குன்னு பொண்ணு காட்டுச்சி” என்றார். “இதையும் எழுதுங்க. எம்பேரு போட்டே எழுதுங்க. அவுங்க வீட்ல அந்த புக்கு வாங்குவாங்க, நான்தான் தெனம் அடுக்கி வெப்பேன்.”

அவ்வளவு சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்து, சாம்பலைத் தடவிக்கொண்டு அடுத்த கொட்டையை எடுத்தார். நான் நிலைக்கதவு வேலையை முடித்தேனா, எப்படி வீடு வந்தேன் என்பதெல்லாம் இங்கே முக்கியமில்லை.

நெய்வேலி அம்மா, உங்கள் தரைக்கு நான் சொன்ன குறிப்புகள் எல்லாம் சரியானவை, நம்பிச் செய்யலாம். வீட்டில் துடைக்கிறவர் மேல் பழி போடும் முன் பாலிஷ் போட்டவனைக் கூப்பிட்டு டின் எது என்று கேளுங்கள்.

மீதி பேராசிரியருக்கு. சார், உங்கள் வீட்டுக் கூடத்தில் விருத்தாம்பாள் பினாயில் ஊற்றவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததை விட நன்றாகவே துடைத்தார். அந்தத் தரையைக் கெடுத்தவன் நான். பெயர் இந்தப் பக்கத்தின் மேலேயே இருக்கிறது.